கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

இயற்கையைக் காப்பதற்குக் கம்பனிகள் கொடை வழங்கும் காலம் இது. மரக்கன்றும் கையுமாகப் பணிப்பாளர்கள் நிற்கும் படம் இல்லாத ஆண்டறிக்கையைக் காண்பது அரிதாகிவிட்டது. நகரத்துப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் காட்டுக்கு அழைத்துச் சென்று, தொப்பியும் சிற்றுண்டியும் கொடுத்து, "வெளியே வாருங்கள், இயற்கையோடு உறவாடுங்கள்" என்று உபதேசம் செய்வதும் நடைபெறுகின்றது. தொப்பியில் மாத்திரம் கம்பனியின் பெயர் இருக்கும்.

கொடுக்கும் கையைத் தட்டிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பிள்ளைகள் பறவையைப் பார்ப்பது நல்லதே. ஆனால் உடைபடுவது யாருடைய தேங்காய், எந்த வேண்டுதலுக்காக உடைபடுகின்றது என்று கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு அடித்துவிட்டுப் புண்ணியத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவனை நமது ஊரில் யாரும் வள்ளல் என்று அழைப்பதில்லை.

இந்த வழக்கத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கே உலகின் முதலாவது தேசியப் பூங்கா எனப் போற்றப்படும் யெலோஸ்டோன் 1872 ஆம் ஆண்டில் உருவாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அந்நிலத்தைப் பார்வையிடச் சென்ற அரசாங்கக் குழுவுடன் தோமஸ் மோரான் என்ற ஓவியரும் சென்றார். அவரது பயணத்துக்குக் கடன் கொடுத்தவர் ஜே குக். நோதேர்ன் பசிபிக் புகையிரதக் கம்பனிக்காகப் பணம் திரட்டிய அதே ஜே குக்! மோரானின் ஓவியங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனத்தைக் கவர்ந்தன, சட்டம் நிறைவேறியது. 1883 இல் அக்கம்பனியின் கிளைப்பாதை பூங்காவின் வடவாயிலை நெருங்கியது. பயணச் சீட்டு விற்பதற்குக் காட்சி வேண்டும். காட்சிக்குக் காடு வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக மலையாடு வேட்டையாடி வாழ்ந்த சொசோனி மக்களோ காட்சிக்கு வேண்டாதவர்களாயினர். பூங்கா எழுந்த சில ஆண்டுகளுக்குள் அவர்கள் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்கு அகற்றப்பட்டனர்.

காடு காக்கப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. பிற்காலத்தில் றொக்பெல்லர் என்ற கோடீசுவரர் கிராண்ட் டீட்டன் மலையடிவாரத்தில் 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தம் பணத்தில் வாங்கி, ஏற்க அரசாங்கம் தயங்கிய காலமெல்லாம் காத்திருந்து, 1949 இல் நாட்டுக்கு அளித்தார். மலையேற்ற உடை விற்கும் பட்டகோனியா, 1985 முதல் தன் விற்பனையில் நூற்றுக்கு ஒன்றை இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கி வருகின்றது. இலாபத்தில் அன்று, விற்பனையில் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது. நட்டம் வந்த ஆண்டிலும் கொடுத்தாக வேண்டும். 1989 இல் அத்தகைய நான்கு கம்பனிகள் சேர்ந்து காட்டையும் ஆற்றையும் காக்கும் சங்கங்களுக்கு உதவ ஒரு கூட்டமைப்பையும் நிறுவின. காடு அழிந்தால் கூடாரம் விலைப்படாது என்பதை அறிந்த வியாபாரிகள் அவர்கள். ஒளிவு மறைவில்லாத அந்தச் சுயநலத்தைக்கூட நாம் மதிக்கின்றோம்.

நமது வாதம் வேறு. நல்லவர் கையிலிருந்து வந்தாலும் கொடை கொடையே. கொடுப்பவர் விரும்பும்வரை வரும், விரும்பிய இடத்துக்கு வரும், விரும்பாதபோது நின்றுவிடும். சட்டம் அப்படியன்று. அதே அமெரிக்காவில் 1937 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் நூற்றுக்கு 11 வீத வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே உரியதாக்கிற்று. 1964 இல் நிறைவேறிய நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கடலடியில் எண்ணெய் எடுக்கும் கம்பனிகள் அரசாங்கத்துக்குச் செலுத்தும் பணத்திலிருந்து பூங்காவும் விளையாட்டிடமும் வாங்கப்படுகின்றன. அந்நிதியால் மாநிலங்களும் ஊர்களும் பெற்ற நிலத்தை வேறு தேவைக்கு மாற்ற வேண்டுமாயின், ஈடான வேறு நிலம் கொடுத்தாக வேண்டும். ஆண்டுக்கு 90 கோடி டொலர் என்று வரம்பிட்டிருந்தும், பல ஆண்டுகள் காங்கிரஸ் அதில் ஒரு பகுதியையே விடுவித்தது. மக்கள் விடாது வாதாடினர். 2020 இல் முழுத்தொகையும் ஆண்டுதோறும் வழங்கப்பட வேண்டும் என்று சட்டமாயிற்று. பாரத நாடும் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில், பெரிய கம்பனிகள் மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. எங்கே செலவிடுவது என்பதைப் பெரும்பாலும் கம்பனியே தீர்மானிக்கின்றது. அது அச்சட்டத்தின் குறை. நமது நாட்டின் 2007 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்திலோ அந்த இரண்டு வீதமும் இல்லை. இங்கே எல்லாம் தயவு!

அந்தத் தயவு என்ன விளைவித்தது? 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் கண்டற்காடு நடும் ஆர்வம் இத்தீவின் கரையெங்கும் பொங்கி எழுந்தது. அரசாங்கத் திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் நன்கொடைப் பணத்துடன் சேற்றில் இறங்கின. ருகுணுப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளரும் அந்த நடுகைகளை நேரில் சென்று எண்ணிப் பார்த்து 2017 இல் வெளியிட்ட முடிவைப் படிப்பவர் திகைப்பர். நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டயர். தேறியது 200 முதல் 220 ஹெக்டயர். பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று.

காரணத்தை அறிவதற்குக் கமக்காரருக்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. நிலம் பாராமல் நட்டார்கள். நீர் ஏறி இறங்கும் மட்டத்தை அறியாமல் நட்டார்கள். நட்டபின் திரும்பிப் பார்க்கவில்லை. மாடு மேய்ந்தது, பாசி மூடியது, பூச்சி அரித்தது. நாற்று நடுவது ஒரு நாள் வேலை. களை பிடுங்குவதும் தண்ணீர் கட்டுவதும் பட்டி மாட்டை மறிப்பதும் மாதக்கணக்கான வேலை. வயல்காரன் இதை அறிவான். ஆனால் நடும் நாளுக்குத்தான் படப்பிடிப்பாளர் வருவார். மாடு மறிக்கும் நாளுக்கு யார் வருவார்? ஆகவே பணம் நடுகைக்கு வந்தது, பராமரிப்புக்கு வரவில்லை. பராமரிப்பு நடந்த இடங்களிலேயே கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன என்பதையும் அதே ஆய்வு எடுத்துக் காட்டுகின்றது. எத்தனை கன்று நட்டோம் என்று முழங்கும் அறிக்கைகள் எத்தனை கன்று நிற்கின்றது என்று சொல்லாமல் நழுவுவது தற்செயலானதா?

இனி, மக்களை வெளியே அழைக்கும் விடயம். வன்னியிலே வாழும் நமது மக்களை யாரும் வெளியே அழைக்க வேண்டியதில்லை. அவர்கள் வெளியே நிற்பவர்கள். தேன் எடுக்கவும், விறகு பொறுக்கவும், மாடு சாய்க்கவும் காட்டுக்குள் சென்று வந்தவர்கள். போர் அவர்களைத் துரத்தியது. கைவிட்ட வயல்களில் பற்றை வளர்ந்து காடாயிற்று. 2009 இன் பின் திரும்பியவர்களில் பலர் தம் காணியில் கண்டது வனபரிபாலனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லை! 2015 இல் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியவை தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பறவைக்கும் விலங்குக்கும் இடம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. சுண்டிக்குளக் களப்பில் செந்நாரை இறங்கும் அழகு நமது பிள்ளைகளின் சொத்து. ஆயினும், உழுதவனின் உரிமைச்சீட்டைப் பாராமல் கல் நாட்டிவிட்டு, அந்தக் கல்லுக்கு அப்பால் கம்பனித் தொப்பி அணிந்த பிள்ளைகளை அழைத்துச் சென்று இயற்கையின் அருமையைப் போதித்தால், வேலிக்கு வெளியே நிற்கும் கமக்காரனின் பிள்ளை எதைக் கற்கும்?

1840 ஆம் ஆண்டு வெள்ளையன் முடிக்குரிய காணிச் சட்டம் கொண்டுவந்தபோது, பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்கே சொந்தம் என்றான். பின்னர் அக்காட்டில் ஒரு பகுதி கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. இன்று அதே காட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வரும் பணமும் அதே காணிக் கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

கொடையுடன் வரும் கம்பனியிடம் நமது கமக்காரர் அமைப்புகளும், கடற்றொழிலாளர் சங்கங்களும், படித்த நம்மவரும் கேட்க வேண்டியவை சிலவே. காணி யாருடையது என்று பிரதேச செயலகத்தின் பதிவை முதலில் காட்டட்டும். நடுவதற்குக் கொடுக்கும் தொகையில் எவ்வளவு ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கு, அந்தக் கூலி எந்த ஊரவருக்கு என்று எழுதித் தரட்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் நின்ற கன்றுகளை எண்ணும் பொறுப்பு கம்பனியிடம் இராது, ஊர்ச் சங்கத்திடம் இருக்கட்டும். களப்பில் கழிவு கொட்டும் அல்லது மணல் அள்ளும் தொழிலில் தனக்குப் பங்குண்டா என்பதையும் அதே தாளில் எழுதட்டும். பாராளுமன்றத்தில் நமது பெயரால் அமர்ந்திருப்போர் கொடை விழாக்களில் நாடா வெட்டுவதை நிறுத்திவிட்டு, மண்ணையும் கடலையும் பயன்படுத்தி இலாபம் ஈட்டும் தொழில்கள் செலுத்தும் பணத்தில் ஒரு பங்கை அந்த மண்ணுக்கே திருப்பும் சட்டமூலம் ஒன்றைத் தயாரிக்கட்டும். மாரி தொடங்குமுன் கன்றுகளுடன் லொறிகள் வரும். ஊர்க்கூட்டத்தை அதற்கு முன்னரே கூட்டிவிடுங்கள்.