போதைப்பொருள் ஒழிப்பு: புக்கிட் அமானும் வட்டாரப் போலீசும் கைகோத்தால்தான் பலன்

கிடங்கில் நூற்றுக்கணக்கான கிலோ போதைப்பொருள் சிக்கியது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. ஆனால், தாமான் முனையில் சியாபு விற்பவன் மறுநாளும் அங்கேயே நிற்கிறான். இது ஏன் என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு.

மலேசியாவில் போலீஸ் படை மாநில அரசுகளின் கையில் இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி அது கூட்டரசின் பொறுப்பு. அமெரிக்காவைப்போல் கூட்டரசுக்கு ஒரு படை, ஊருக்கு ஒரு படை என்ற பிரிவு இங்கில்லை. புக்கிட் அமானின் போதைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாநிலங்களிலும் மாவட்டங்களிலும் பிரிவுகள் உண்டு. ஆகவே, தகவல் மேலும் கீழும் தடையின்றிப் போகிறதா என்பதுதான் இங்குள்ள கேள்வி.

சரக்கு தாய்லாந்து எல்லை வழியாகவோ கிள்ளான் துறைமுகம் வழியாகவோ நுழையும். ஒரு மாநிலத்தில் பதுக்கப்பட்டு, இன்னொரு மாநிலத்தில் சில்லறையாக விற்கப்படும். இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரு மாவட்டப் போலீஸ் தனியாகப் பார்க்க முடியாது. போதைப் பணத்தில் வாங்கிய சொத்தைப் பறிமுதல் செய்ய 1988ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அதற்கும் பல மாநிலத் தகவல்கள் ஒன்றுசேர வேண்டும். மறுபக்கம், எந்த வீட்டின் முன் நள்ளிரவில் மோட்டார் சைக்கிள்கள் வந்து போகின்றன என்பது வட்டாரப் போலீஸ் நிலையத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்தான் தெரியும்.

சில்லறை விற்பவனைப் பிடித்ததோடு மாவட்டம் கோப்பை மூடிவிட்டால், அவன் இடத்துக்கு அடுத்த வாரமே இன்னொரு பையன் வந்துவிடுவான். அவன் தெரிந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் 50 கிராம், ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம். இந்த அளவோ அதற்கு மேலோ ஒருவரிடம் இருந்தால், 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் அவரைக் கடத்தல்காரராகவே அனுமானிக்கிறது. இல்லையென்று நிரூபிப்பது பிடிபட்டவரின் பொறுப்பு. 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயமில்லை என்றாலும், அது சட்டத்தில் இன்னும் உண்டு. தப்பினால் ஆயுள் சிறையும் பிரம்படியும். சரக்கை அனுப்பிய தலைவனோ பொட்டலத்தைத் தொடுவதே இல்லை.

பெயர் வெளிவந்துவிடுமோ என்ற பயம்தான் பலரின் வாயை அடைக்கிறது. தகவல் தருவோரைப் பாதுகாக்க அதே சட்டத்தின் 40ஆவது பிரிவு இருக்கிறது. ஆலயங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் மாவட்டப் போலீசார் இதை நேரில் விளக்கினால் தயக்கம் குறையும். பழக்கத்துக்கு அடிமையான பிள்ளை தானாக முன்வந்து சிகிச்சை கேட்க ஏஏடிகே அலுவலகங்கள் உள்ளன என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். மகனைக் காட்டிக்கொடுக்கிறோமோ என்று தவிக்கும் தாய்க்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும்.