பொய்க்கால் டாங்கிகள்

தஞ்சைச் சீமையிலே பொய்க்கால் குதிரை ஆட்டம் காணாதார் இல்லை. இடுப்பிலே கட்டிய கூடு, அதன் முன்னே குதிரைத் தலை, பக்கவாட்டில் தொங்கும் பட்டுத்துணி. குதிரை ஆடுகிறது என்கிறோம், ஆடுகிறவன் மனிதன். அது நமக்கும் தெரியும், ஆடுகிறவனுக்கும் தெரியும். தெரிந்தே இருதரப்பும் மகிழ்கின்ற கலை அது.

இப்போது போர்க்களத்திலும் பொய்க்கால் ஆட்டம் நடக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்து தொடங்கிய போரில், இரு தரப்பாரும் பொம்மை டாங்கிகளையும் பொம்மைப் பீரங்கிகளையும் வயல்வெளிகளில் நிறுத்தியிருக்கிறார்கள். செக் நாட்டில் ஒரு நிறுவனம் காற்றடைத்தால் எழுந்து நிற்கும் டாங்கிகளைத் துணியிலே தைத்து விற்கிறது. ஆவடித் தொழிற்சாலையில் உருவாகும் அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியின் எடை 68 டன். இந்தத் துணி டாங்கியை மடித்து மூட்டையாகக் கட்டிவிடலாம்; வேண்டிய இடத்தில் விரித்துச் சில நிமிடங்களில் ஊதி நிமிர்த்திவிடலாம். 2022 ஆகஸ்டில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஏடு ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்கா தந்த ராக்கெட் வண்டிகளைப் போல மரத்தாலே செய்து வைத்த பொம்மைகள் மீது குறைந்தது பத்து காலிபர் ஏவுகணைகளை ரஷ்யக் கடற்படை செலவிட்டது என்று உக்ரேன் அதிகாரிகள் அந்த ஏட்டிடம் கூறினராம். தச்சன் வேலைக்கு ஏவுகணை விலை! கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் சிரித்துவிட்டுப் போகிற செய்தியா இது? அல்ல என்பதே நமது கருத்து. பொம்மையை நிஜமென்று எண்ணிய அதே கண், நிஜத்தை வேறொன்றாகவும் எண்ணும். அப்போது அழிவது துணியும் மரமும் அல்ல. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில், படையினருக்குப் பொம்மை எதற்கு என்று பார்ப்போம். ஒரு டாங்கியின் உடல் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். அதை நூற்றில் ஒரு பங்காகச் செய்தால் ஏழு சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். அந்தப் பொம்மையைப் பத்து மீட்டர் தள்ளி மேசைமீது வைத்துப் பார்த்தால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் நிஜ டாங்கி எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரியும். திருப்பிவைத்து, சாய்த்துவைத்து, பாதியை மணலில் புதைத்து, மங்கலான வெளிச்சத்தில் காட்டி, “இது யாருடையது? நம்முடையதா, எதிரியுடையதா?” என்று கேட்பார் ஆசிரியர். சிப்பாய் விடை சொல்லவேண்டும். சட்டியின் வடிவம், குழாயின் நீளம், சங்கிலிச் சக்கரங்களின் எண்ணிக்கை இவைதான் அவனுக்கு அரிச்சுவடி. எளிய பாடம், மலிவான பாடம், உயிர் காக்கும் பாடம்.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாடம் பெருவாரியாக நடந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களைப் பார்த்து ஐந்து லட்சம் விமானப் பொம்மைகளை மரத்தில் செதுக்கித் தாருங்கள் என்று கேட்டது. ஐம்பது வகை விமானம், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. தரைப்படைக்கு டாங்கிகளும் வண்டிகளும் இவ்வாறே சிறு உருவங்களாகச் செய்யப்பட்டன. தச்சு வகுப்பில் ஒரு சிறுவன் செதுக்கிய மரத்துண்டு கடலுக்கு அப்பால் ஒருவனுடைய துப்பாக்கி விரலைத் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடும். பொம்மையின் பெருமை அதுதான்.

பொம்மைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது இவ்வளவு இனிப்பானதல்ல. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1919இன் வெர்சேல்ஸ் உடன்படிக்கை டாங்கி செய்யவும் தடை, வாங்கவும் தடை விதித்தது. படை ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது. என்ன செய்தார்கள்? மரச்சட்டத்தில் கித்தான் துணியைப் போர்த்தி, ஆட்களே உள்ளிருந்து தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அசல் பொய்க்கால் குதிரையே! பிறகு சாதாரண மோட்டார் வண்டிகள் மேல் தகரக் கூண்டைக் கவிழ்த்தார்கள். பயிற்சி நடக்கும் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஓடிவந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பென்சிலால் துணியைக் குத்தித் துளை போடுவார்களாம். அந்தப் படையை உருவாக்கியவர்களில் ஒருவரான தளபதி குடேரியனே தம் நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார்.

பார்த்தவர் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தத் துணிக்கூண்டுக்குள் கற்பிக்கப்பட்டது என்ன? எத்தனை வண்டிகள் ஒன்றாகச் செல்வது, கம்பியில்லாத் தந்தி வழியே ஒருவனுக்கொருவன் எப்படிப் பேசுவது, காலாட்படையும் பீரங்கியும் எப்படிப் பின்தொடர்வது என்பனவெல்லாம். கூண்டு பொய்; கற்ற வித்தை மெய். மறுபுறம் சோவியத் நாட்டின் கசான் நகரருகே 1929 முதல் 1933 வரை இரகசியப் பள்ளி நடத்தி, அங்கே நிஜ டாங்கியிலும் பழகிக்கொண்டார்கள். 1940 மே மாதம் பிரெஞ்சு எல்லையில் அந்த வித்தை அரங்கேறியது. பிரெஞ்சுக்காரரின் டாங்கிகள் எண்ணிக்கையிலோ கனத்திலோ குறைந்தவை அல்ல. ஆனால் பல வண்டிகளில் பேசும் கருவி இல்லை. ஆறே வாரத்தில் பிரான்சு வீழ்ந்தது. பென்சிலால் துளை போட்டுச் சிரித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் போரில் சீருடை அணிந்து மாண்டார்களோ!

ஏமாற்றும் வித்தையில் ஆங்கிலேயரும் சளைத்தவர் அல்லர். 1942 அக்டோபர் 23ஆம் நாள் எகிப்தின் எல் அலமைனில் போர் தொடங்குமுன், டாங்கியின் மேல் கித்தான் கூடாரத்தைப் போட்டு லாரியைப் போலக் காட்டினார்கள். வேறிடத்தில் பொம்மை டாங்கிகளை நிறுத்தினார்கள். காலி டின்களை வரிசையாக அடுக்கித் தண்ணீர்க் குழாய் போடுவதுபோல் நடித்து, தாக்குதல் தெற்கிலிருந்து வரும், அதுவும் தாமதமாகத்தான் வரும் என்று எதிரியை நம்பவைத்தார்கள். இந்தியாவின் நான்காவது டிவிஷனும் நின்ற களம் அது. அமெரிக்கரோ 1944இல் ஓவியர்களையும் ஒலிப்பதிவாளர்களையும் திரட்டி, காற்றடைத்த டாங்கிகளோடு 1,100 பேர் கொண்ட ஒரு ‘பேய்ப்படை’யையே ஐரோப்பாவில் உலவவிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு டாங்கியைத் தூக்கி நகர்த்தியதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் இருவர் வாய்பிளந்து நின்றதாக அந்தப் படையில் இருந்தவர்கள் கதை சொல்வார்கள். அந்தப் படைக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2024 மார்ச்சில்தான் வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள உயிரோடு இருந்தவர் சிலரே.

இவை இராணுவத்தை இராணுவம் ஏமாற்றிய கதைகள். இனி நாம் சொல்லப்போவது வேறு.

1999ஆம் ஆண்டு. கொசோவோ பிரச்சினையில் நேட்டோ வல்லரசுகள் யுகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு பொழிந்தன. முடிவிலே அறிக்கை வந்தது: 120 டாங்கிகள் ஒழிந்தன என்று. சில மாதம் சென்றபின் 93 என்று குறைந்தது. மறு ஆண்டு ‘நியூஸ்வீக்’ ஏடு வெளியிட்ட செய்தியோ, தரையில் சென்று தேடிய அமெரிக்க விமானப்படையின் குழு கண்டெடுத்தது 14 என்றது! மற்றவை எங்கே? செர்பியர்கள் மரத்தாலும் பிளாஸ்டிக் தாளாலும் டாங்கிகளைச் செய்து திறந்தவெளியில் வைத்துவிட்டு, நிஜ டாங்கிகளைக் காட்டுக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் மறைத்திருந்தார்கள். வல்லரசுகள் குண்டு வீசிக் கொளுத்தியதில் ஒரு பங்கு விறகு.

இவ்வளவோடு நின்றிருந்தால் நாமும் சிரித்திருப்போம். அதே ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், ஜாகோவிட்சா நகருக்கு அருகே, வீடிழந்த அல்பேனிய மக்கள் டிராக்டர்களிலும் இழுவண்டிகளிலும் சட்டிபானைகளோடும் குழந்தைகளோடும் போய்க்கொண்டிருந்தார்கள். எவரைக் காப்பதற்காக இந்தப் போர் என்று நேட்டோ சொன்னதோ, அதே மக்கள். வானிலிருந்து பார்த்த விமானிக்கு அது இராணுவ வண்டித்தொடர் என்று தோன்றியது. குண்டு விழுந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலில் மழுப்பினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

நாம் மேலே சொன்ன கணக்கை மறுபடி எடுங்கள். தம் விமானங்களைப் பாதுகாக்க நேட்டோ வகுத்த உயரம் 15,000 அடி. ஏழு சென்டிமீட்டர் பொம்மையை 150 அடி தள்ளி வைத்தால் எப்படித் தெரியும்? தெருவின் அந்தக் கோடியில் ஒரு தீப்பெட்டி! தொலைநோக்கியும் படம்பிடிக்கும் கருவியும் விமானத்தில் இல்லாமலா இருந்தன? இருந்தன. இருந்தும் மரத்துண்டு டாங்கியாகத் தெரிந்தது. டிராக்டரும் இராணுவ வண்டியாகத் தெரிந்தது.

தம்மவரையே கொன்ற கணக்கும் இருக்கிறது. 1991 வளைகுடாப் போரில் பிப்ரவரி 26ஆம் நாள், இரண்டு பிரிட்டிஷ் கவச வண்டிகளை எதிரியின் வண்டிகள் என்று எண்ணி அமெரிக்க விமானங்கள் சுட்டதில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். அந்தப் போரில் களத்தில் மாண்ட அமெரிக்கரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரை, அதாவது 35 பேரை, கொன்றது அவர்கள் சொந்தத் தரப்பின் குண்டுதான். 2003 மார்ச் 28ஆம் நாள் இராக்கின் பஸ்ரா பக்கம், “நாங்கள் நண்பர்கள்” என்று காட்டவே பிரிட்டிஷ் வண்டிகளின் மேல் கட்டியிருந்த ஆரஞ்சு நிறப் பலகையை, ராக்கெட் என்று படித்தார் அமெரிக்க விமானி. ஒருவர் உயிர் போயிற்று. அடையாளமே எமனாயிற்று!

ஆகவேதான் சொல்கிறோம், பொம்மையை வைத்துக் கண்ணைப் பழக்கும் அந்தப் பழைய வகுப்பு அற்பமானதல்ல என்று. ஆனால் இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார்? மனிதனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் இயந்திரத்தை உட்காரவைக்கும் முயற்சி நடக்கிறது. ஆயிரமாயிரம் படங்களைக் காட்டி, “இது டாங்கி, இது டாங்கி அல்ல” என்று கணினிக்குக் கற்பிக்கிறார்கள். ஆளில்லா விமானம் தானே தேடி, தானே தேர்ந்து, தானே தாக்கவேண்டும் என்பதே திட்டம். மரத்துண்டைக் கண்டு ஏமாந்த மனிதனுக்காவது ஐயம் என்று ஒன்று உண்டு. “இரு, இன்னொரு சுற்று தாழப் பறந்து பார்ப்போம்” என்று தோன்றுவதற்கு வழியுண்டு. டிராக்டரின் மேல் துணிமூட்டையைக் கண்டு, அதன் பக்கத்தில் பாவாடை கட்டிய ஒரு சிறுமி இருப்பாளோ என்று எண்ணுவதற்கு இயந்திரத்துக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

உலக நாடுகள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில், தானே இலக்கைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களைப் பற்றி எல்லா நாடுகளின் கருத்தையும் கேட்டு அறிக்கை தரவேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. தடை விதிக்கும் தீர்மானம்கூட அல்ல. கருத்துக் கேட்கும் தீர்மானம். 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவை நான்கே. ரஷ்யா, பெலாரஸ், மாலி, நான்காவது இந்தியா!

ஜெனீவாவில் வழக்கமான ஆயுதங்களுக்கான உடன்படிக்கையின் கீழ் இந்தப் பேச்சு நடந்துவருகிறது, அதுவே தக்க இடம், இன்னொரு மேடை எதற்கு என்பது டில்லியின் வாதம். வாதத்தை நாம் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த ஜெனீவா மேடையில் எல்லோரும் ஒருமனமாக ஒப்பினால்தான் எதுவும் நடக்கும். ஒரு வல்லரசு தலையசைக்க மறுத்தால் வண்டி நகராது. 2014 முதல் அங்கே பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கருத்துக் கேட்பதையே எதிர்க்க வேண்டிய அவசரம் டில்லிக்கு என்ன வந்தது? எந்த அவையில் இது விவாதிக்கப்பட்டது? யாரைக் கேட்டு இந்தியாவின் வாக்கு அங்கே விழுந்தது?

2018 ஏப்ரலில் நம் திருவிடந்தைக் கடற்கரையில் ஆயுதக் கண்காட்சி நடந்தபோது பொதுமக்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்து டாங்கிகளைக் காட்டினார்கள் தந்தைமார்கள். காட்சிக்கு அழைக்க மக்கள் வேண்டும். அந்த ஆயுதங்கள் யாரை எப்படி அடையாளம் காணவேண்டும் என்ற முடிவுக்கு மட்டும் வேண்டாமா? நாடாளுமன்றத்தில் உள்ள நம் உறுப்பினர்கள் இதைக் கேள்வியாகவே எழுப்பட்டும். இந்தியப் படை வாங்கும் ஆளில்லா விமானங்களில், சுடு என்று கடைசியாகச் சொல்வது மனிதனா, இயந்திரமா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் அமைச்சர் விடையளிக்கலாம்.