கார்ட்டூன்தானே என்று விட்டுவிடுகிறோம்

சந்தையில் வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்காமல் கூடையில் போடமாட்டோம். குழந்தைக்குக் கார்ட்டூன் போடும்போது மட்டும் பெயரைப் பார்த்தாலே நமக்குப் போதும். டாம் அண்ட் ஜெர்ரியா, போடு. பாப்பாயா, போடு. நாம் சின்ன வயதில் பார்த்ததுதானே, பூனையும் எலியும் ஓடிப் பிடிப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைக்கிறோம். குழந்தை வாயைத் திறக்கிறது, நாம் இட்லியை ஊட்டுகிறோம். எதைத் தின்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அது எதைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது.

அந்தப் படங்களில் ஒன்றையாவது, பெரியவர்களான பிறகு, முழுதாக உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா?

கார்ட்டூனே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பழைய படங்களில் சில, இன்று வரும் எதையும்விட அழகானவை. ஆனால் பழையது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் தங்கம் என்று எடுத்துக்கொள்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். பழசிலும் படுமோசமானவை ஏராளம். அவை மோசமாகப் போனதற்குக் காரணம் ஓவியர்களுக்குக் கைத்திறன் இல்லாதது அல்ல. பெரியவர்கள் யாரும் பார்க்கப் போவதில்லை என்று எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொடக்கத்தில் அப்படி இல்லை. 1930, 40களில் அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸும் எம்ஜிஎம்மும் எடுத்த குறும்படங்கள் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடியவை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரியவர்கள் நிறைய. அவர்கள் சிரிக்கவேண்டும் என்றுதான் எடுத்தார்கள். அதனால்தான் அவற்றில் சுருட்டும் துப்பாக்கியும் அத்தனை சகஜம். 1956இல் வந்த ‘ப்ளூ கேட் ப்ளூஸ்’ என்ற டாம் அண்ட் ஜெர்ரி படத்தில் டாமுக்குக் காதல் தோல்வி. கடன் வாங்குகிறது, கிண்ணம் கிண்ணமாகப் பாலைக் குடித்துத் தன்னை மறக்கப் பார்க்கிறது. (பால்தான், ஆனால் குடிக்கிற தோரணை வேறு எதையோ சொல்கிறது.) கடைசியில் பூனையும் எலியும் ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ரயிலின் ஊதல் நெருங்கிவரும்போது படம் முடிகிறது. ஐந்து வயதுக் குழந்தை சாப்பிட்டுக்கொண்டே பார்க்கவேண்டிய முடிவா இது? நம் போனில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. எந்தப் படம் வரப்போகிறது என்று தேர்ந்தெடுப்பது நாம் அல்ல.

‘த ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கதையும் இதுதான். 1960இல் அது அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் பெரியவர்களுக்காக ஒளிபரப்பான தொடர். ஆரம்பத்தில் அதற்கு விளம்பரப் பணம் கொடுத்தது வின்ஸ்டன் சிகரெட். ஃபிரெட்டும் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று புகைத்து ரசிக்கிற விளம்பரம் இன்றும் காணக் கிடைக்கிறது. வரைந்த படம் என்றாலே குழந்தைக்கு எடுத்தது என்று நாமாக முடிவு கட்டிக்கொண்டோம்.

இன்னொரு காட்சி நம் எல்லார் வீட்டிலும் உண்டு. வெடி வெடிக்கிறது. டாமின் முகம் கரிக்கட்டையாகிறது. உதடு மட்டும் பெரிதாக, தலையில் முடிச்சு முடிச்சாகக் கூந்தல். குழந்தை கைதட்டிச் சிரிக்கிறது, பக்கத்தில் இருக்கும் நாமும் சிரிக்கிறோம். அந்த உருவம் எங்கிருந்து வந்தது? கறுப்பின மக்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் ஆடிய கூத்திலிருந்து வந்தது. 1940 முதல் 1952 வரை வந்த படங்களில் டாமை விளக்குமாற்றால் விரட்டும் கறுப்பினப் பணிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் முகமே கிடையாது. செருப்பும் காலும் அதட்டும் குரலும்தான் அவள். வார்னர் பிரதர்ஸ் எடுத்த 11 குறும்படங்கள் கறுப்பின மக்களை அளவுக்கு மீறி இழிவுபடுத்தியதால், அவற்றின் விநியோக உரிமையை வைத்திருந்த யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1968இல் அவற்றைத் தொலைக்காட்சிக்குத் தருவதையே நிறுத்திவிட்டது. நம் வீட்டில் இதையெல்லாம் நிறுத்த யாரும் இல்லை. கார்ட்டூன் முடிந்ததும் குழந்தை விளையாடக் கிளம்புகிறது. “வெயில்ல போகாதே, கறுத்துப் போயிடுவே” என்கிறோம். மாநிறமோ கறுப்போ, அந்தக் குழந்தை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் சேர்த்து என்ன கணக்குப் போடும்?

டாம் அண்ட் ஜெர்ரியில் மிக மோசமானவை எவை என்று ரசிகர்களைக் கேட்டால் பலரும் ஒரே தொகுதியைத்தான் கைகாட்டுவார்கள். 1961, 62இல் வந்த 13 படங்கள். எம்ஜிஎம் தன் கார்ட்டூன் கூடத்தை 1957இல் மூடிவிட்டது. பிறகு, செலவு குறையும் என்று அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் ப்ராகில் ஜீன் டைட்ச் என்ற அமெரிக்க இயக்குநரிடம் வேலையைக் கொடுத்தது. அவருடைய குழுவினர் பழைய படங்களில் சிலவற்றைத்தான் பார்த்திருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற சத்தம், இயல்பில்லாத அசைவு என்று குறை சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. அவற்றில் சிலவற்றில் டாமுக்கு ஒரு எஜமானர் வருகிறார். பருத்த ஆள். ஜெர்ரி செய்த குறும்புக்கு டாமைப் பிடித்துக்கொள்வார். முகம் சிவந்து சிவந்து ஏற, வெறி பிடித்தாற்போல் அடிப்பார். பழைய படங்களில் பூனையும் எலியும் மாறி மாறி வாங்கிக்கொள்ளும். அது ஒரு ஆட்டம். இதில் பெரிய ஆள் ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல், திருப்பி அடிக்க முடியாத ஒன்றை நொறுக்குகிறார்.

ராத்திரி எட்டரை மணி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்திருக்கிறோம். தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது, நோட்டு நனைந்திருக்கிறது. கொட்டியது சின்னது. அடி விழுவது பெரியதுக்கு. “நான் இல்லப்பா” என்று அது சொல்வது நம் காதில் ஏறுவதில்லை. அந்த எஜமானர் வரும் படம் ஓடும்போது நம் பிள்ளை சிரிக்கிறதா, இல்லை நம்மை ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறதா?

தொலைக்காட்சி வந்தபின் நிலைமை இன்னும் கீழே போனது. சனிக்கிழமை காலை, பெற்றோர் தூங்குகிற நேரம், குழந்தைகளின் நேரம் ஆயிற்று. ஏழு ஆஸ்கார் வாங்கிய டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்கு வந்தபோது, பழைய செலவில் பத்தில் ஒரு பங்குகூடக் கைக்கு வரவில்லை. அவர்களுடைய யோகி கரடிக்குக் கழுத்தில் டை எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? கழுத்துக்குக் கீழே உடம்பை அப்படியே நிறுத்திவிட்டு, தலையை மட்டும் மாற்றி வரையலாம். அந்த வெட்டு தெரியாமல் டை மறைத்துவிடும். இதைக்கூட நான் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன். ஆனால் பாப்பாய்? தியேட்டருக்காக 1933 முதல் 1957 வரை எடுத்தவை 231. டிவிக்காக 1960ஐ ஒட்டி, பல கூடங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஏறத்தாழ இரண்டே ஆண்டில் எடுத்துத் தள்ளியவை 220. நாம் தேடினால் இரண்டும் ஒரே பெயரில்தான் வந்து நிற்கின்றன.

இதன் அடிமட்டம் 1959இல் வந்த ‘கிளட்ச் கார்கோ’. அதில் படங்கள் அசையவே அசையாது. அசையாத முகத்தில், பேசுகிற மனிதரின் உண்மையான உதடுகளைப் படம்பிடித்து ஒட்டியிருப்பார்கள். கண் இமைக்காது, கன்னம் நகராது, வாய் மட்டும் சதையும் பல்லுமாகப் பேசிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். இதைத் தயாரித்து விற்றார்கள், சேனல்கள் வாங்கின, பல ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு அம்மாவோ அப்பாவோ ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்களா, என்ன இது என்று?

பிறந்தநாள் வருகிறது. கேக்கிலும் கார்ட்டூன் பொம்மை, பையிலும் அதே பொம்மை, பென்சில் டப்பாவிலும் அதே பொம்மை. வாங்கித் தராவிட்டால் அழுகை. “எதைப் பார்த்தாலும் கேக்குது, எங்கிருந்துதான் இந்தப் பிடிவாதமோ” என்று பாட்டியிடம் அலுத்துக்கொள்கிறோம். பிடிவாதத்தைத் திட்டம் போட்டே தயாரித்தார்கள். 1969இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் வந்தபோது, இது அரைமணி நேர விளம்பரம் என்று புகார் கொடுத்தது போட்டிப் பொம்மைக் கம்பெனி ஒன்று. அன்றைக்கு அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் அதை ஏற்றது. 1984இல் அதே ஆணையம் விளம்பர நேரக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ‘ஹீ-மேன்’ வந்துவிட்டது. மாட்டெல் கம்பெனி பொம்மையைக் கடையில் வைத்த பிறகு எழுதப்பட்ட கதை. ஓடுவதும் குதிப்பதும் ஒரே அசைவுகள்தாம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பத் திரும்ப எடுத்து ஒட்டினார்கள். முடிவில் மட்டும் ஒரு நீதி சொல்வார்கள். அந்த நீதியைக் கேட்டுத்தான் அங்கிருந்த பெற்றோர் பலர் நிம்மதியடைந்தார்கள். நம் ஊர் தூர்தர்ஷனில் அது வந்தபோது நம்மில் எத்தனை பேர் அட்டைக் கத்தியை உயர்த்திக்கொண்டு நின்றோம், நினைவிருக்கிறதா?

இத்தனைக்கும் நாம் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். “இங்கிலீஷ் வரும்” என்று போடுகிறோம். டாமோ ஜெர்ரியோ வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம் என்பது நமக்கு நினைவில் இல்லை! விருந்தாளி வந்தால், “கார்ட்டூன்ல வர்ற மாதிரி பேசிக் காட்டுடா” என்கிறோம். பேசாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார் என்கிறோம். பள்ளி, டியூஷன், அபாகஸ், கராத்தே எல்லாம் முடிந்து மிஞ்சுகிற அரைமணி நேரத்தையும் மதிப்பெண்ணோடு கட்டிவைக்கிறோம். இருபதுக்குப் பதினெட்டு வந்தால் கார்ட்டூன், பதினைந்து என்றால் ரிமோட் அலமாரிக்குள். பரிசு என்று இத்தனை மதிப்புக் கொடுத்துத் தருகிற பொருளை நாம் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. களைத்துப் போன குழந்தை திரையை வெறித்தபடி இருப்பதைப் பார்த்து, சமர்த்தாக இருக்கிறது என்கிறோம். அது ஓய்வா, வேறு போக்கிடம் இல்லாத சோர்வா?

அமெரிக்காவில் இப்படிக் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். 1961 மே 9இல், ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ சேனல் முதலாளிகளைக் கூட்டத்தில் நேருக்கு நேர் பார்த்து, உங்கள் சேனலைக் காலையிலிருந்து முடியும்வரை ஒரு நாள் நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்றார். 1968இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெக்கி சாரன் என்ற தாய், வேறு சில தாய்மார்களுடன் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு அமைப்பைத் தொடங்கினார். தடை செய் என்று அவர் கேட்கவே இல்லை. நல்லதை எடு, பிள்ளைகளிடம் விற்காதே என்றார். 1990இல் சட்டம் வர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. குழந்தைகள் நிகழ்ச்சியில் விளம்பரம் வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடம், மற்ற நாட்களில் 12 நிமிடம் என்று எல்லை போட்டார்கள். நம் கையிலிருக்கும் போனுக்கு அந்தச் சட்டம் வராது. நமக்கு வேண்டியது இருபத்திரண்டு ஆண்டும் அல்ல, ஒரு கார்ட்டூன் ஓடும் ஏழு நிமிடம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். மோசமான டாம் அண்ட் ஜெர்ரி எடுத்தவர் என்று பெயர் வாங்கினாரே ஜீன் டைட்ச், அவரே அதே ப்ராகில், அதற்குச் சற்று முன்னால் எடுத்த படம் ‘மன்றோ’. ஜூல்ஸ் ஃபைஃபரின் கதை. மன்றோ என்ற நாலு வயதுப் பையனைத் தவறுதலாகப் பட்டாளத்தில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு நாலு வயசுதான் என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் சொல்லிப் பார்க்கிறான். ஒருவரும் காதில் வாங்குவதில்லை. துப்பாக்கியைத் தூக்கச் சொல்கிறார்கள், அணிவகுத்து நடக்கச் சொல்கிறார்கள். கடைசியில் அவன் அழுகிறான். அப்போதுதான் அவன் குழந்தை என்பது அவர்கள் கண்ணில் படுகிறது. மன்றோவுக்குக் குரல் கொடுத்தது டைட்சின் சொந்தப் பிள்ளை. 1961இல் அதற்கு ஆஸ்கார் கிடைத்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒன்பது நிமிடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் போடுங்கள். போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.