தேர்வுக் குழுவைத் திட்டும் முன் நம் மைதானத்தைப் பாருங்கள்



டயகம, அக்கரப்பத்தனை, லிந்துலை உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இலங்கைக் கிரிக்கெட் அணி தோற்கும் ஒவ்வொரு முறையும் நம் ஊர் முகநூல் பக்கங்கள் கொதிக்கின்றன. கொதிக்கக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 50 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். ஏழு வாரம் ஆவதற்குள் வான்கடேயில் அதே இந்தியாவிடம் 55. அந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டே வெற்றி. அதன் பலனாக 2025 சம்பியன்ஸ் கிண்ணத்தில் விளையாடும் தகுதியே கிடைக்கவில்லை. இடையில் 2024 இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவிடம் 77. இதைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனால் அந்த எரிச்சலில் நம்மவர்கள் எழுதுவது என்ன? மூன்றே மூன்று வகைதான். "தேர்வுக் குழு காசு வாங்கிவிட்டது, இவனை எடுத்திருக்க வேண்டும், அவனைத் தூக்கியிருக்க வேண்டும்" என்பது முதலாவது. "அணியில் ஒரு தமிழன் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை, பிறகு எப்படி உருப்படும்?" என்பது இரண்டாவது. "நீ இந்தியாவுக்குக் கைதட்டுகிறவன், நீ பாகிஸ்தானுக்கு வெடி போடுகிறவன், இலங்கை அணியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி?" என்பது மூன்றாவது.

மூன்றாவதற்கு ஒரே பதில் போதும். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. தான் இந்த நாட்டுக்காரன் என்று நிரூபிக்க 55 வருடம் அலைந்த சமூகத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் இன்னொரு பரீட்சை வைக்காதீர்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கும் வைக்காதீர்கள். யாருடைய துடுப்பாட்டம் பிடிக்கிறதோ அவருக்குக் கைதட்டுவது ரசிகனின் உரிமை. கொழும்பில் இருந்துகொண்டு பிரேசில் கால்பந்து அணிக்குக் கொடி கட்டுகிறவரிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

நாம் பேச வேண்டியது இரண்டாவதைப் பற்றி. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் ஆளை வழிதவற வைக்கும்.

அணியில் நம்மவர் இல்லை என்கிறோம். யார் நம்மவர்? பர்வீஸ் மஹ்ரூப் இலங்கைக்கு ஆடினார், அவர் வெஸ்லி கல்லூரி. நவீத் நவாஸ் டி. எஸ். சேனாநாயக்க கல்லூரி. ஜெஹான் முபாரக் ரோயல் கல்லூரி. அண்மையில் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் விக்கெட் காத்த சாருஜன் சண்முகநாதன் கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் கல்லூரி. விஜயகாந்த் வியாஸ்காந்த் யாழ் மத்திய கல்லூரி. றக்பியில் நாட்டுக்கே தலைவராக இருந்த பாஸில் மரிஜா கண்டி கிங்ஸ்வூட். இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். தமிழர் இருக்கிறார், முஸ்லிம் இருக்கிறார். ஒரு தோட்டப் பாடசாலையின் பெயர் இருக்கிறதா?

நாளைக்கே தேர்வுக் குழு மனம் இரங்கி, 15 பேரில் ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் என்று ஒதுக்கீடு கொடுத்தாலும், அந்த இரண்டு இடமும் கொழும்புக்கும் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும்தான் போகும். போகிற பிள்ளைகளை நாம் வாழ்த்துவோம், அது வேறு விடயம். டயகம பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. 15 பேரில் நம்மவர் யார் என்று கேட்கிறவர்கள், அந்த 15 பேரைப் பொறுக்கி எடுக்கும் ஆயிரக்கணக்கான பாடசாலை வீரர்களில் நம் பிள்ளை எத்தனையாவது ஆள் என்று கேட்பதில்லை. நம் பிள்ளைகள் தேர்வில் தோற்கவில்லை. அவர்கள் தேர்வு மண்டபத்துக்கே போகவில்லை.

உடனே ஒருவர் வருவார். "முத்தையா முரளிதரன் வரவில்லையா? 800 டெஸ்ட் விக்கெட் எடுக்கவில்லையா? திறமை இருந்தால் எவரும் தடுக்க முடியாது" என்பார். முரளியின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர், உண்மை. ஆனால் முரளியின் தந்தை கண்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். முரளி படித்தது புனித அந்தோனியார் கல்லூரியில். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனை 14 வயதில் சுழற்பந்துக்கு மாற்றியவர் அங்கிருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. மைதானம், கடினப்பந்து, பயிற்றுநர் மூன்றும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. லயத்தை விட்டு இறங்கி இரண்டு தலைமுறை கழித்துத்தான் ஒரு முரளி கிடைத்தார். அதே முரளி லயத்திலேயே பிறந்திருந்தால், தீபாவளிப் போட்டியில் மென்பந்தைச் சுழற்றி "நல்லா போடுறான்" என்று பேர் வாங்கிவிட்டு, பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போயிருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முரளியின் பந்துவீச்சை நடுவர் பிழை என்றபோது, 1999இல் அடிலெய்டில் அணியையே எல்லைக்கோடு வரை நடத்திச் சென்று எதிர்த்து நின்றவர் அர்ஜுன ரணதுங்க. நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே அணியில் இருப்பவர்கள் எல்லோரும் நமக்குப் பகை என்ற பேச்சு வேண்டாம்.

சரியான உதாரணம் வேண்டுமானால் லசித் மாலிங்கவைப் பாருங்கள். காலிக்குப் பக்கத்தில் ரத்கம என்ற கரையோரக் கிராமம். கடற்கரை மணலில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்த பிள்ளை. நம் தோட்டத்துப் பையன்கள் எப்படி ஆடுகிறார்களோ அப்படித்தான். என்ன வித்தியாசம்? அவர் சம்பக்க ராமநாயக்க என்ற முன்னாள் டெஸ்ட் பந்துவீச்சாளரின் கண்ணில் பட்டார். கையில் கடினப்பந்து கொடுக்கப்பட்டது. காலி கழகம் திறந்தது. அந்த வினோதமான கைவீச்சை யாரும் திருத்திக் கெடுக்கவில்லை. இங்கே எந்த ராமநாயக்க எந்த பஸ்ஸில் வருவார்? வந்தாலும் நாம் எந்த ஆடுகளத்தைக் காட்டுவோம்?

"மலையில் எங்கே மைதானம் போடுவது, இடம் ஏது?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நம் பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். இதை விடப் பெரிய பொய் கிடையாது.

லிந்துலை, தலவாக்கலை கடந்து நானுஓயா பக்கம் போங்கள். ரதல்லயில் டிம்புள்ள கழகத்தின் மைதானம் இருக்கிறது. மேசை போல் மட்டமான பச்சைப் புல். வெளிநாட்டு அணிகள் வந்து கிரிக்கெட் ஆடிய இடம். டிக்கோயாவுக்குப் போங்கள். தரவளை மைதானம் இருக்கிறது. துரைமார் அங்கே றக்பி ஆடினார்கள். கிளிபர்ட் கிண்ணப் போட்டிகளில் டிம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று தேயிலை மலைகளின் பெயரிலேயே கழகங்கள் மோதின. இந்த நாடு றக்பியில் முதன்முதல் ஒரு வெளிநாட்டு அணியைச் சந்தித்தது 1907 செப்டெம்பரில், கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில். பின்னாளில் றக்பி லீக் என்று பெயர் பெற்ற ஆட்டத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோன நியூசிலாந்துக் குழு அது. இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் இறங்கி ஆடி, 33க்கு 6 என்று வென்றது. அன்று இலங்கை என்ற பெயரில் ஆடியவர்கள் ஐரோப்பியர்கள்.

துரை ஆடுவதற்கு மலையை வெட்டி மட்டமாக்க முடிந்தது. வெட்டியது யார், மண் சுமந்தது யார், புல் பதித்தது யார் என்று நம் பாட்டன்மாருக்குத் தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் மலை சரிவாகிவிட்டதா?

இன்றைக்குத் தோட்டத்து மைதானம் என்று நாம் சொல்வது என்ன? ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பந்து கானுக்குள் போனால் நாலு ஓட்டம், ஆற்றில் போனால் ஆட்டம் முடிந்தது. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். 1992இல் தோட்ட முகாமை கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, ஒரு கூடு கட்ட வேண்டுமானாலும் துரையின் கடிதம் வேண்டும். டயகமவிலிருந்து தலவாக்கலை வரை பஸ்ஸில் போகும்போது கிரிக்கெட் வலைப்பயிற்சிக் கூடு எத்தனை கண்ணில் படுகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள். ஹோமாகமவில் தியகம என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அதுவும் நம் ஊரும் ஏறக்குறைய ஒரே பெயர். அங்கே மஹிந்த ராஜபக்ஷவின் பெயரில் பெரிய விளையாட்டரங்கு நிற்கிறது. பெயர் ஒன்றாக இருந்தும் அரங்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். நமக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சிதான். நாம் கேட்பது சர்வதேச மைதானம் அல்ல. ஒரு சீமெந்துத் தளம், அதன் மேல் ஒரு விரிப்பு, சுற்றி ஒரு வலை. அவ்வளவுதான்.

உலகம் என்ன சொல்கிறது? தென்னாபிரிக்காவில் அணிக்குள் கறுப்பினத்தவர் இத்தனை பேர் வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அவர்கள் வரலாற்றில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் சியா கோலிசி எங்கிருந்து வந்தார்? ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பிலிருந்து. 12 வயதில் கிரே என்ற பெரிய பாடசாலையில் புலமைப்பரிசில் கிடைத்தது. 2019, 2023 இரண்டு றக்பி உலகக் கிண்ணங்களையும் தலைவராக நின்று தூக்கினார். அந்தப் பாடசாலைக்குப் போயிராவிட்டால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது, மாற்றம் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். தேசிய அணியின் கதவு பாடசாலை வாசலில்தான் இருக்கிறது.

"அப்படியானால் கொழும்பில் இருப்பவர்கள் யோக்கியர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2023 ஒரே வருடத்தில் மூன்று சர்வதேச அமைப்புகள் இலங்கையை இடைநிறுத்தின. ஜனவரியில் கால்பந்துக்கு பிபா, மே மாதத்தில் றக்பிக்கு உலக றக்பி அமைப்பு, நவம்பரில் கிரிக்கெட்டுக்கு ஐசிசி. கதிரைச் சண்டையில் நடந்தது இது. அதில் இங்கே நடக்க இருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. பெரியவர்கள் அடித்துக்கொண்டதற்குத் தண்டனை பிள்ளைகளுக்கு. இதைத் திட்டுங்கள், உரக்கத் திட்டுங்கள். ஆனால் அந்தக் கதிரைகளில் நாளைக்கு ஒலியுல்லாக்களே உட்கார்ந்தாலும், டயகமவில் ஒரு விரிப்பு தானாக முளைக்காது.

அதனால் கொஞ்சம் நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்.

பொங்கல், சித்திரை, தீபாவளி வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் மென்பந்துப் போட்டி. அணிக்கு நுழைவுக் கட்டணம், ஒலிபெருக்கி, ஆளுயரக் கிண்ணம். டீ-சேட்டின் முன்னால் ஒரு அரசியல்வாதியின் முகம், பின்னால் ஒரு கடையின் பெயர். இறுதிப் போட்டியில் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் அடித்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு. அடுத்த வருடம் மறுபடி அதே கதை. ஒரு பருவத்தில் இதற்குச் செலவாகும் காசைக் கூட்டிப் பாருங்கள். மென்பந்தில் ஆறு ஓவர் ஆடி எவனும் தேர்வுக் குழுவின் கண்ணில் பட மாட்டான்.

பாடசாலைகளில் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் என்றால் பிள்ளை மைதானத்தையே மறந்துவிட வேண்டும். கேட்டால் பெற்றோர் விருப்பம் என்பார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆண்கள் அணி சறுக்கிய அதே காலத்தில், 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் தூக்கியது பெண்கள் அணி. அதன் தலைவி சமரி அத்தபத்து குருநாகல் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். நம் ஊரில், குறிப்பாக நம் முஸ்லிம் வீடுகளில், பிள்ளைக்கு 12 வயது ஆனதும் மைதானத்தின் கதவு சாத்தப்படுகிறது. கண்ணியமான உடையோடு, பெண் ஆசிரியையின் பொறுப்பில் ஆடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. தடுப்பது ஊர் வாய்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான்.

ஒன்று: இந்தப் பகுதியில் ஒரேயொரு மைதானத்தையாவது தோட்ட முகாமையும் பிரதேச சபையும் எழுத்தில் பாடசாலைகளின் பாவனைக்குத் தர வேண்டும். வாய்ச்சொல் போதாது. துரை மாறினால் வாய்ச்சொல்லும் மாறும்.

இரண்டு: அடுத்த தீபாவளிக்குப் போட்டி நடத்தும் ஒவ்வொரு கழகமும் கிண்ணத்தின் உயரத்தைப் பாதியாக்கட்டும். மிச்சக் காசில் ஒரு விரிப்பு, இரண்டு சோடி கால்காப்பு, தலைக்கவசம், ஒரு பெட்டி கடினப்பந்து.

மூன்று: எந்தப் பாடசாலையாலும் இது தனியாக முடியாது. டயகம, அக்கரப்பத்தனை, லிந்துலை பாடசாலைகள் சேர்ந்து 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு பயிற்சிக் குழு. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பார்க்காமல், ஆண், பெண் இரு பாலாருக்கும்.

வாக்குக் கேட்டு வருகிறவர்கள் டீ-சேட்டோடு வருவார்கள். வாங்காதீர்கள். விரிப்பு எங்கே என்று கேளுங்கள்.

இவ்வளவும் செய்தால் 10 வருடத்தில் டயகமவிலிருந்து ஒரு வீரர் தேசிய அணிக்குப் போய்விடுவாரா? அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஒரு பிள்ளையாவது மாகாண மட்டத் தேர்வு வரை போய், நியாயமாகவே தோற்று வரட்டும். அன்றைக்கு நாம் தேர்வுக் குழுவைத் திட்டினால் அதில் அர்த்தம் இருக்கும்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், நாகரிகமாக. உடன்படுகிறவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்துக் கழகச் செயலாளரைச் சந்தித்து இரண்டாவது கோரிக்கையைச் சொல்லுங்கள்.