‘விசாரணை’ என்ற ஒரு சொல்லும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும் மாதங்களில் இலங்கை பற்றிய ஆங்கிலச் செய்திகள் பெருகுகின்றன. அறிக்கை வருகிறது, தீர்மானம் வருகிறது, அரசின் மறுப்பு வருகிறது. வன்னியில் இருக்கும் நமக்கு இவை தமிழ்ச் சுருக்கமாகவே வந்து சேருகின்றன. ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதை இன்னொருவர் அவசரமாகத் தமிழாக்கி, மூன்றாமவர் தலைப்பிட்ட பின்னரே நாம் வாசிக்கிறோம். மூலத்தில் என்ன சொல் இருந்தது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அந்தச் சொல்லில்தான் பல வேளைகளில் விடயமே இருக்கிறது.

வவுனியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில், உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலருக்கும் அவர்களோடு வந்து அமரும் பெற்றோர் சிலருக்கும் ஆங்கிலச் செய்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்கு நகரில் குறைவில்லை. வங்கியில் எப்படிப் பேசுவது, நேர்முகத் தேர்வில் எப்படிப் பதிலளிப்பது என்பவற்றை அங்கு படிக்கலாம். நம்மைப் பற்றி உலகம் எழுதுவதை வாசிக்கவும், நமக்கு நடந்ததை நாமே சொல்லவும் தேவையான ஆங்கிலம் வேறு. அதற்கு நூறு நூற்றைம்பது சொற்கள் போதும். ஆனால் அந்தச் சொற்களை அகராதிப் பொருளோடு மட்டும் படித்தால் பயனில்லை. ஒவ்வொரு சொல்லும் யாரைப் பொறுப்பாளியாக்குகிறது, யாரைத் தப்பவிடுகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்லாமே விசாரணை

முதலில் ‘விசாரணை’யை எடுத்துக்கொள்வோம். பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு ஒருவரைக் கொழும்புக்கு அழைத்துக் கேள்வி கேட்டால் அது விசாரணை. ஜனாதிபதி ஆணைக்குழு மக்களிடம் சாட்சியம் கேட்டால் அதுவும் விசாரணை. பொலிஸார் தடயம் தேடினாலும், நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும் விசாரணைதான். ஆங்கிலத்தில் இவை தனித்தனி. கேள்வி கேட்பது ‘குவெஸ்ச்சனிங்’, அது கடுமையானால் ‘இன்டெரொகேஷன்’. ஆணைக்குழு நடத்துவது ‘இன்க்வயரி’. ஆதாரம் திரட்டுவது ‘இன்வெஸ்டிகேஷன்’. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது ‘ட்ரயல்’.

இந்தக் குழப்பத்தின் விலையை நாம் 2015இல் பார்த்தோம். ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் அந்த ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி இலங்கை பற்றிய தனது அறிக்கையை வெளியிட்டது. சர்வதேச விசாரணை முடிந்துவிட்டது என்று நமது அரசியலில் ஒரு தரப்பு சொன்னது. இன்னும் தொடங்கவேயில்லை என்று மறுதரப்பு சொன்னது. மேடைகளில் சூடான வாதம் நடந்தது. அறிக்கையோ தான் செய்தது மனித உரிமை இன்வெஸ்டிகேஷன் என்றும், குற்றவியல் இன்வெஸ்டிகேஷன் அல்ல என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தது. மனித உரிமை நோக்கில் ஒன்று முடிந்திருந்தது. குற்றவியல் நோக்கில் எதுவும் தொடங்கியிருக்கவில்லை. இரு தரப்பும் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்து இரண்டு வேறு விடயங்களைப் பேசிக்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்குக் குழப்பம் மட்டுமே மிஞ்சியது.

சரணடைந்தாரா, ஒப்படைக்கப்பட்டாரா?

அடுத்தது இன்னும் நெருக்கமானது. 2009 மே மாதம் வட்டுவாகலிலும் ஓமந்தையிலும் நடந்ததைத் தாய்மார் சொல்லும்போது, “என்ர கையால ஒப்படைச்சனான்” என்கிறார்கள். இது ஆங்கிலத்தில் ‘ஹாண்டட் ஓவர்’. பல செய்திகளில் இது ‘சரெண்டர்ட்’, அதாவது சரணடைந்தார் என்று மாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. சரணடைந்தார் என்றால் போராளி ஒருவர் தானாக முடிவெடுத்து வந்தார் என்ற எண்ணம் எழுகிறது. ஒப்படைக்கப்பட்டார் என்றால் கொடுத்த கை ஒன்று இருக்கிறது, வாங்கிய கை ஒன்று இருக்கிறது. கொடுத்தவர் சாட்சியாகிறார். வாங்கியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார்.

இதேபோல் ‘அரெஸ்டட்’ என்பது சட்டப்படியான கைது. ‘டிடெய்ன்ட்’ என்றால் தடுத்துவைக்கப்பட்டார். ‘அப்டக்டட்’ என்றால் கடத்தப்பட்டார். வெள்ளை வானில் கொண்டுசெல்லப்பட்டவரை ‘அரெஸ்டட்’ என்று எழுதினால், நடந்த குற்றத்துக்கு நாமே சட்ட உடை போர்த்திவிடுகிறோம். இராஜதந்திரியின் முன்னால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொல்லும்போது, எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கவனிக்கும் அளவுக்காவது நமக்கு ஆங்கிலம் தேவை.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். ஒப்படைக்கப்பட்டவர்களைத் தேடி 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களை ஆங்கிலத்தில் ‘ஹேபியஸ் கோர்பஸ்’ என்பார்கள். அது லத்தீன் தொடர். ஆங்கிலேயருக்கே விளக்க வேண்டியிருக்கும். நாம் சொல்லும் ‘ஆட்கொணர்வு மனு’ கேட்டவுடனேயே விளங்குகிறது. ஆளைக் கொண்டுவா, அவ்வளவுதான்.

போனவர்களும் ஆக்கப்பட்டவர்களும்

ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல் யாரையும் குற்றஞ்சாட்டாது. திருவிழாவில் கைதவறிய குழந்தையும் மிஸ்ஸிங், கடலுக்குப் போய்த் திரும்பாதவரும் மிஸ்ஸிங். ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’ சட்டப் பொருள் கொண்ட சொல். இலங்கை 2016 மே மாதம் ஏற்றுறுதி செய்த சர்வதேச சமவாயத்தின்படி அதற்கு மூன்று கூறுகள் உண்டு. ஒருவரது சுதந்திரம் பறிக்கப்பட வேண்டும். அதை அரச முகவர்கள், அல்லது அரசின் அனுமதியோ ஆதரவோ மௌன சம்மதமோ பெற்றவர்கள் செய்திருக்க வேண்டும். பின்னர் அது மறுக்கப்பட வேண்டும், அல்லது அவருக்கு நேர்ந்தது மறைக்கப்பட வேண்டும். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதை இலங்கையிலும் குற்றமாக்கியது.

ஆனால் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் இருப்பது ‘மிஸ்ஸிங் பேர்சன்ஸ்’. தமிழிலும் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றே வைத்தார்கள். அச்சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களும் அடங்குவர் என்பது உண்மை. அந்த அலுவலகத்தின் முடிவுகள் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ ஏற்படுத்தமாட்டா என்று அதே சட்டம் சொல்வதும் உண்மை. பெயரும் அதிகாரமும் பொருந்தித்தான் இருக்கின்றன. 2017 பெப்ரவரி 24 முதல் வவுனியாவில் தொடர்போராட்டம் நடத்தும் உறவுகள் ‘ஆக்கப்பட்ட’ என்ற சொல்லை விடாமல் பிடித்திருப்பதன் காரணத்தை இங்கிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இதில் ஓர் இலக்கணப் பாடமும் உண்டு. ‘வோஸ் மிஸ்ஸிங்’ என்றால் அது முடிந்த கதை. ‘ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009’ என்றால் இன்றுவரை தொடர்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு நேர்ந்தது வெளிப்படும்வரை அக்குற்றம் தொடரும் குற்றமாகவே சர்வதேச சட்டத்தில் கருதப்படுகிறது. எனவே காலத்தைப் பிழையாக எழுதினால் கோரிக்கையும் பழையதாகிவிடும்.

‘அலெஜ்ட்’ என்றால் பொய்யா?

ஆங்கிலச் செய்தியில் ‘அலெஜ்ட்’ என்று பார்த்தவுடன் நமது இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது. கண்முன் நடந்ததை ‘எனக் கூறப்படும்’ என்று எழுதுகிறார்களே என்று கேட்கிறார்கள். அச்சொல் பொய் என்று சொல்லவில்லை. நீதிமன்றத்தில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இதை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் வெறும் குற்றச்சாட்டு, ‘அலெகேஷன்’. அடுத்தது நம்பத்தகுந்த குற்றச்சாட்டு, ‘கிரெடிபிள் அலெகேஷன்’. 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அரசு, விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்பு பற்றியும் நின்ற படி இது. அதற்கு மேல் ‘ரீசனபிள் கிரவுண்ட்ஸ் டு பிலீவ்’, நம்புவதற்கு நியாயமான காரணங்கள். 2015 அறிக்கை அந்தப் படிக்கு ஏறியது. உச்சியில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபித்தல்; அதை நீதிமன்றமே செய்ய முடியும். ஒரு செய்தியைக் கண்டதும் எந்தப் படி என்று பாருங்கள். கடந்த ஆண்டைவிட ஒரு படி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தீர்மானத்தின் வினைச்சொற்கள்

ஜெனீவாத் தீர்மானங்களை வாசிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு பந்தியும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்கும். அதை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘வெல்கம்ஸ்’ என்றால் வரவேற்கிறது, ‘நோட்ஸ்’ என்றால் கவனத்தில் கொள்கிறது. ‘கோல்ஸ் அப்பொன்’, ‘ஏர்ஜஸ்’ என்பவை அரசைக் கேட்டுக்கொள்பவை, வலியுறுத்துபவை. செய்வதும் விடுவதும் அரசின் கையில். ‘டிசைட்ஸ்’ என்றால் பேரவை தானே முடிவெடுக்கிறது. 2021 மார்ச் 23ஆம் திகதி நிறைவேறிய 46/1 தீர்மானத்தில், சான்றுகளைத் திரட்டி, ஆராய்ந்து, பாதுகாக்கும் ஆற்றலை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் வலுப்படுத்துவது பற்றிய பந்தியில் இந்தச் சொல்தான் இருந்தது. நம் ஊடகங்களிலோ எல்லா வினைகளும் ‘வலியுறுத்தல்’ ஆகிவிடுகின்றன. அதனால் அரசிடம் கேட்டது எது, அரசைக் கேட்காமலே நடக்கப்போவது எது என்ற வேறுபாடு வாசகருக்குத் தெரிவதில்லை.

அந்த வாக்கெடுப்பில் 22 நாடுகள் ஆதரவாகவும் 11 எதிராகவும் வாக்களித்தன. 14 நாடுகள் ‘அப்ஸ்டெய்ன்’ செய்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. இதை நாம் ‘நடுநிலை’ என்று எழுதுகிறோம். வாக்களிக்காமல் விலகியிருப்பதற்கும் நடுநிலைக்கும் தூரம் அதிகம்.

நமது தமிழும் மறைக்கிறது

ஆங்கிலம் மட்டும் மறைக்கும் மொழி என்று யாரும் எண்ண வேண்டாம். ‘ஷெல் விழுந்தது’ என்று நாமே பேசுகிறோம். மழை பெய்தது என்பதுபோல, ஏவியவர் அதில் இல்லை. மெனிக் பாம் முகாமுக்கு அரசு தரப்பு ‘வெல்ஃபெயர் வில்லேஜ்’ என்று பெயரிட்டது. தமிழிலும் ‘நலன்புரி’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்து, கடிதங்களில் நாமும் எழுதினோம். முட்கம்பிக்குள் இருந்து வெளியேற முடியாதிருந்த மக்களின் நலன் அது. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. சொல் இன்னும் கோப்புகளில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் வயதான பெற்றோர் இனிப் படிக்க வேண்டுமா என்று கேட்கலாம். பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய் தந்தையர் பலர். அவர்களின் சாட்சியம் யாரோ எழுதிய ஆங்கிலத்தில்தான் எஞ்சியிருக்கிறது. சரியாக எழுதப்பட்டதா என்று அவர்களிடம் இனிக் கேட்க முடியாது. ஆகவே பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரு பக்கம் மட்டுமே. வீட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர் இருந்தால், அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள்: பெயர், திகதி, இடம், யாரிடம் ஒப்படைக்கப்பட்டார், அல்லது யாரால் கொண்டுசெல்லப்பட்டார், கடைசியாக யார் கண்டார். எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் அம்மாவுக்குச் சொல்லுங்கள். “நான் சொன்னது இதுதான்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு திகதியிட்டுப் பிரதிகள் எடுத்துவையுங்கள். அடுத்த முறை ஆணைக்குழுவோ தூதுவரோ வரும்போது, மொழிபெயர்ப்பாளர் பேசத் தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள்.