அம்மாவின் கல் மோதிரம்



2007 இல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தபோது, அம்மா தந்த கல் மோதிரத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தேன். "வைரம் பிள்ளை, கஷ்டத்துக்கு உதவும்" என்பா அம்மா.

பிறகு மகளின் படிப்புக்குக் காசு தேவைப்பட்டது. மோதிரத்தை நகருக்குக் கொண்டு போனேன். முதல் கடையில் நிறுத்தும் பார்க்காமல், "கண்ணாடிக்கல்" என்று சொல்லி ஒரு சிறு தொகை கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை. தெரிந்த பத்தர் ஒருவரிடம் போனேன்.

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் தந்து விளக்கினார். வட்ட வெட்டு வைரத்தில் மேலே 33, கீழே 24, மொத்தம் 57 பட்டைகள். மேலால் புகும் ஒளி கீழ்ப்பட்டைகளில் பட்டு மேலாலேயே திரும்பும். அதுதான் மினுக்கம். கல் அளவுக்கு மிஞ்சித் தட்டையாகவோ ஆழமாகவோ இருந்தால் ஒளி கசிந்துவிடும். 1919 இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இந்த அளவுகளைக் கணக்கிட்டு நூலாக எழுதினார்.

"ஆனால் தங்கச்சி, எந்த வெள்ளைக் கல்லையும் இப்படி வெட்டலாம். வெட்டை வைத்து வைரம் என்று சொல்ல ஏலாது" என்றார்.

எனது கல்லின் ஊடாகப் பார்த்தேன். அடிப்பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரிந்தன. வைரத்தில் அவை ஒற்றையாகவே தெரியும். என்னுடையது சேர்க்கன் கல். 'மாத்தறை வைரம்' என்று முன்பு பெயர் பெற்றது அதுதான். எமது நாட்டு மண்ணில் மாணிக்கமும் நீலமும் உண்டு, வைரம் எடுப்பதில்லை.

அழுகை வந்தது. அம்மாவையும் அப்படிச் சொல்லித்தான் ஏமாற்றியிருப்பார்கள். ஆனால் பொன் நல்ல பொன். அதை வங்கியில் ஈடு வைத்தேன். மகளின் படிப்பு நிற்கவில்லை.

நான் கற்றுக்கொண்டவை இவை:

பொன்னின் கரட் தூய்மையைக் குறிக்கும். 22 கரட் என்றால் 24 இல் 22 பங்கு பொன். கல்லின் கரட் நிறையைக் குறிக்கும். 1 கரட் 0.2 கிராம்.

வாங்கும்போது கல்லின் நிறைக்கும் பொன் விலை கொடுக்காதீர்கள். கல்லின் பெயரையும் நிறையையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள்.

விற்கும்போது கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலாவது விலை கேளுங்கள். நகையை விட்டுவிட்டு வராதீர்கள்.

பெறுமதியான கல் என்று நினைத்தால், கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம்.

எம்மில் பலருக்கு மிஞ்சியது ஒரு மோதிரமோ தோடோதான். அதன் உண்மையான பெறுமதியை நாமே அறிந்திருப்போம்.