ரொக்கம் அங்கே, கடன் இங்கே!

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்து அண்ணன்கள் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. (காதல் கவிதைக்கு நம் சிவில் பிரிவில் ஆள் இருக்கிறார்கள்!) ஆகவே, எங்கள் தெருவில் போன தை மாதம் மூடிய ஒரு மளிகைக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தக் கடைக்கு போர்டு கிடையாது. 'தாத்தா கடை' என்றால் திருத்தணியில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நம்மிடம் தமிழில் விலை சொல்வார், நகரி, புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில் சொல்வார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. தாத்தாவின் கணக்கு நோட்டு மட்டும் கடைசி வரை வரவில்லை. எல்லாம் தெலுங்கு எழுத்துதான்!

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. சனிக்கிழமைதான் கூலி. அம்மா வீட்டில் தார் சுற்றுவார். கரண்ட் இல்லையென்றாலோ நூல் வரவில்லையென்றாலோ கூலி பாதியாகிவிடும். அந்த வாரங்களில் என்னைத்தான் கடைக்கு அனுப்புவார்கள். "தாத்தா, கால் கிலோ துவரம் பருப்பு, நூறு எண்ணெய்... அம்மா எழுதிக்கச் சொன்னாங்க." கடைசி வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொல்வேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொள்வார். அப்படிப் பார்க்காமல் இருந்தது எவ்வளவு பெரிய மரியாதை என்று இப்போதுதான் புரிகிறது.

எங்கள் வம்சத்தில் முதலில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான். சேர்ந்த மாதம் அப்பாவின் கூலி முழுக்க ஃபீஸுக்கே போயிற்று. ஐந்து வாரம் காலணா கொடுக்காமல் வீட்டுக்கு மளிகை வந்தது. எந்த பேங்க் கொடுக்கும்?

நாம் படிக்கிற ஃபிளைவீல் ஞாபகம் இருக்கிறதா? நாலு ஸ்ட்ரோக்கில் பவர் ஸ்ட்ரோக் ஒன்றுதான். அதில் வாங்கிய சக்தியைத் தேக்கி வைத்து, மற்ற மூன்றுக்கும் ஃபிளைவீல் கொடுக்கும். எங்கள் வீட்டுக்கு சனிக்கிழமை பவர் ஸ்ட்ரோக். மீதி ஆறு நாளையும் சுற்ற வைத்தது தாத்தா கடை.

பிறகு மெயின் ரோட்டில் ஏ.சி. போட்ட பெரிய கடை வந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சனிக்கிழமை கூலியோடு அங்கே போய் டிராலி தள்ளினோம். கையில் காசு தீர்ந்ததும் புதன்கிழமை தாத்தா கடைக்கு வந்து "எழுதிக்கோங்க" என்றோம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு முதல் ஆயிரம் ரூபாய் வந்ததே, அதையும் ஏ.சி. கடையில்தான் செலவு செய்தேன். ரொக்கம் அங்கே, கடன் இங்கே! பவர் ஸ்ட்ரோக்கைப் பிடுங்கிக்கொண்டு சுற்று, சுற்று என்றால் ஃபிளைவீல் எத்தனை நாள் சுற்றும்?

தாத்தா கடையில் எல்லாம் சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. விலை கொஞ்சம் கூடத்தான். பிஸ்கட் சில நேரம் நமுத்திருக்கும். ஆனால் விலை ஏன் கூட? பெரிய கடைக்கு கம்பெனியிலிருந்து லாரியில் சரக்கு இறங்குகிறது. இவர் ஏஜென்சிக்காரரிடம் டஜன் கணக்கில் வாங்குகிறார். ஆஃபர் போட்ட ஒருநாள் தாத்தாவே ஏ.சி. கடை வரிசையில் சோப்புக் கட்டோடு நின்றதை நான் பார்த்தேன். ஏஜென்சி விலையைவிட அங்கே குறைவாம்! என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்தான்.

2012 செப்டம்பரில் பல பிராண்ட் சில்லரை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது. வியாபாரிகள் கடையடைப்பு செய்தார்கள், தமிழக அரசும் எதிர்த்தது. நியாயம்தான். ஆனால் அந்நியன் வருகிற வாசலையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தாத்தா கடையை மூட வைத்தவன் வெளிநாட்டிலிருந்து வரவில்லையே!

"கோயில் ஊரில் வியாபாரத்துக்கு என்ன குறை?" என்பார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற கூட்டம் பூ வாங்கும், தேங்காய் வாங்கும், காவடி வாங்கும். துவரம் பருப்பு வாங்குமா?

வேலை தருகிறார்களே என்று கேட்கலாம். உண்மை. என் அக்காவே அப்படி ஒரு பெரிய கடையில்தான் இருக்கிறாள். என் புத்தகச் செலவு அவள் சம்பளத்தில்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அக்கா வீட்டுக்கு வந்ததும் முதலில் காலை நீட்டிப் படுக்கிறாள். அதற்குமேல் நான் சொல்லவில்லை.

ஏ.சி. கடையை மூடச் சொல்வது என் நோக்கமல்ல. சின்னக் கடைக்காரர்கள் பத்துப் பேர் பணம் போட்டு ஒரே லாரியில் சரக்கு இறக்கினால் என்ன? 1904-லேயே சென்னை திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, வாங்குகிறவர்களே கூட்டாகச் சரக்கு எடுத்தார்கள். விற்கிறவர்களால் முடியாதா? நம் பங்குக்கு, எந்தக் கடையில் கடன் சொல்கிறோமோ அந்தக் கடைக்கே ரொக்கத்தில் பாதியையாவது கொண்டுபோவோம். கடன் எங்கே கிடைக்கிறது என்று அம்மாக்களுக்குத் தெரியும், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தாத்தா கடையை மூடிய அன்று எங்கள் பாக்கி 2,460 ரூபாய். அவர் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். தாத்தா நோட்டைத் தேடி எடுத்து, தெலுங்கில் வரவு எழுதிக்கொண்டு, "பையன் எந்த வருஷம் படிக்கிறான்?" என்று கேட்டாராம். மீதி 1,460 இருக்கிறது.